தர்பார் மண்டபத்தின் இரண்டாவது கதவு

செப்டம்பர் 4, வியாழன்

காலையில் அந்தப்புரத்தில் ஓடு விழுந்தது. நல்லவேளை, பிள்ளைகள் பிரேயருக்குப் போயிருந்தார்கள்.

வெளியூர்க்காரர்களிடம் “எங்கள் பன்னிரண்டாம் வகுப்பு அந்தப்புரத்தில் நடக்கிறது” என்றால் சிரிக்கிறார்கள். வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும். சிவந்திகுளம் ஜமீன்தார் தன் அரண்மனையை அறுபது வருஷத்துக்கு முன்னால் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். புண்ணியவான். ஆனால் அவருடைய பாட்டன் காலத்து ராணிகள் தெருவைப் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னலையெல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். காற்று மேலேயே வந்து மேலேயே போய்விடும். கீழே முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் நானும் வேர்த்து வடிய தொகையீட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பொறுப்புத் தலைமையாசிரியை ஆனதிலிருந்து எனக்கு ஓடு, சாக்கடை, சத்துணவு முட்டை, எல்லாமே பொறுப்பு. கணக்கு வகுப்பும் நான்தான் எடுக்க வேண்டும். ஓடு மாற்ற ஆள் கேட்டேன். கிளார்க் ஞானதுரை, “எழுதிப் போட்டிருக்கேன் டீச்சர்” என்றார். அவர் எதையும் எழுதிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

செப்டம்பர் 9

பொதுத்தேர்வு மையம் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. இந்த வருஷம் விடப் போவதில்லை.

எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு மார்ச்சிலும் பரீட்சை எழுத ஆலடிபுரம் ஆண்கள் பள்ளிக்குப் போக வேண்டும். ஒரே ஒரு பஸ். அதில் ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும். போன வருஷம் இரண்டாவது பரீட்சை முடிந்து வரும்போது பேச்சியம்மாளின் துப்பட்டாவைப் பிடித்து எவனோ இழுத்தான். அவள் செருப்பைக் கழற்றி அடித்தாள். அடித்தது ஊருக்குள் பெரிய செய்தியாகிவிட்டது; இழுத்தவன் பேச்சே இல்லை. மூன்றாவது பரீட்சைக்கு அவளுடைய அப்பா சுடலைமுத்து அவளை அனுப்பவில்லை. வைகாசியில் கல்யாணம் முடித்துவிட்டார். நான் போய் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வந்தேன்.

அவளுடைய தங்கை முப்புடாதி இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. அக்காளைவிடக் கெட்டிக்காரி, அக்காளைவிட வாய். சுடலைமுத்து டிராக்டரை நிறுத்தி என்னிடமே சொல்லிவிட்டார்: “பெரிய டீச்சர், பரிச்ச இங்கன நடந்தா எழுதட்டும். பஸ்ல ஏத்தி அனுப்ப மாட்டேன்.”

மையம் கிடைக்க வேண்டுமென்றால் பெரிய கூடம் ஒன்று வேண்டும். இருப்பது ஒன்றுதான். தர்பார் மண்டபம்.

செப்டம்பர் 10

தர்பார் மண்டபத்தில் பெண்கள் கால் வைக்கக் கூடாது. ஜமீன் காலத்து வழக்கமாம். ஆண்கள் சபையில் பெண் வந்தால் ஜமீன் விழுந்துவிடும் என்று யாரோ சொல்லி வைத்தது. ஜமீன் சட்டப்படியே ஒழிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இனிமேல் விழ என்ன பாக்கி? பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் இருக்கிற ஒரே பெரிய கூடத்துக்குள் எந்தப் பெண்ணும் போவதில்லை. உடைந்த பெஞ்சும் கிரிக்கெட் மட்டையும் மட்டும் உள்ளே இருக்கின்றன. பெண்கள் பள்ளிக்கு எதற்குக் கிரிக்கெட் மட்டை என்று கேட்டால் அது வேறு கதை. ஞானதுரையின் மட்டை.

துப்புரவுக்கு இருக்கிற இசக்கியம்மாளிடம் மண்டபத்தைக் கூட்டச் சொன்னேன். வாசல்படி வரைக்கும் கூட்டிவிட்டு விளக்குமாற்றோடு நின்றாள்.

“உள்ள, இசக்கி.”

“உள்ள வாச்மேன்தான கூட்டுவாவ டீச்சர். முன்ன தையல் டீச்சர் ஒருத்தி, நூல்கண்டு உருண்டு உள்ள போயிட்டுன்னு எடுக்கப் போனா. பஸ்ல இருந்து விழுந்து காலு ஒடிஞ்சிட்டுல்லா!”

“எப்ப விழுந்தா?”

“அது ஆறு மாசம் கழிச்சி.”

என்னத்தைச் சொல்ல. நானே உள்ளே போய்க் காட்டியிருப்பேன். நேற்றுதான் கால் ஆணிக்கு மருந்து போட்டிருக்கிறேன். அங்கே ஒரே தூசி.

செப்டம்பர் 12, வெள்ளி

வகுப்பில் தேர்வு மையம் பற்றிச் சொன்னேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். பாதிப் பேர் முகம் வெளுத்துவிட்டது. அங்கே உட்கார்ந்து எழுதினால் ஃபெயிலாகிவிடுவார்களாம். அறிவியல் பிரிவுப் பிள்ளைகள் இவர்கள்! நியூட்டன் விதியை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறவர்கள்!

முப்புடாதி எழுந்தாள். “டீச்சர், நீங்க உள்ள போயிருக்கியளா?”

கேள்வி கேட்கிற நேரமா அது? பாடம் முடியாமல் கிடக்கிறது. உட்காரச் சொல்லிவிட்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினேன்.

செப்டம்பர் 20

விண்ணப்பம் போயிற்று. நீளம், அகலம், ஜன்னல், வாசல் எல்லாம் கேட்டிருந்தார்கள். ஞானதுரை உள்ளே டேப் பிடித்தார். நான் வாசலில் நின்று எழுதிக்கொண்டேன். இரண்டு வழி கட்டாயம் இருக்க வேண்டுமாம். இருக்கிறது. நான் நிற்கும் தலைவாசல் ஒன்று, எதிர்ச்சுவரில் பித்தளைக் குமிழ் வைத்த பச்சைக் கதவு ஒன்று. இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், அழகான கதவு. இரண்டு வாசல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

புதுப்புடவை கட்டியிருந்தேன். இல்லாவிட்டால் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கலாம்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

மண்டபத்தில் ஜமீன் காலத்து வாளைக் கொண்டுவந்து வைத்துப் பூஜை. வாச்மேனும் ஞானதுரையும் ஊர் ஆண்கள் நாலு பேரும் உள்ளே. ஞானதுரை ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவருக்கு அனுமதி உண்டு. பள்ளியின் தலைமையாசிரியைக்குச் சுண்டல் வாசல்படி தாண்டி நீட்டப்பட்டது. வாங்கித் தின்றேன். உப்பு இல்லை.

அக்டோபர் 13

பெற்றோர் கூட்டம். வயிற்றெரிச்சல்.

எல்லோருக்கும் மையம் இங்கே வேண்டும். மண்டபம் வேண்டாம். “வேற எடம் பாருங்க” என்கிறார்கள். வேறு இடம் ஜமீன் யானையைக் கட்டிய கொட்டாரம்தான் இருக்கிறது, கூரை இல்லாமல்.

சுடலைமுத்து பின்வரிசையில் இருந்து எழுந்தார். “அந்த மண்டபத்துலயா? மூத்தவளுக்கு நடந்தது போதும் டீச்சர். இவளும் அங்கன போய் உக்காந்து, ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, ஊரு எம்மூஞ்சியிலதான் துப்பும்.”

“மூத்தவ என்னங்க தப்பு செஞ்சா?”

“அவ தப்பு செஞ்சான்னு நான் சொல்லலையே.”

“பின்ன எதுக்குப் படிப்ப நிறுத்தினீங்க?”

கூட்டத்தில் ஒரு தலைமையாசிரியை இப்படிப் பேசக் கூடாது. பேசிவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். முப்புடாதி தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஓடிவிட்டாள். பஸ்ஸும் கிடையாது, மண்டபமும் கிடையாது என்றால் அவள் எங்கே உட்கார்ந்து எழுதுவது?

அக்டோபர் 28

வழக்கம் யாருடையதோ அவரிடமே கேட்டுவிடலாம் என்று சென்னைக்குப் போன் போட்டேன். ஜமீன் வாரிசு. ஊரில் இன்னும் சின்னராஜா என்றுதான் சொல்கிறார்கள், அறுபது வயதிருக்கும்.

“அப்படி ஒரு ரூலா? எனக்கே தெரியாதே மேடம். தாராளமா யூஸ் பண்ணிக்கோங்க. அங்க ஒரு புலித்தோல் இருந்துச்சே, இருக்கா?”

ராஜாவுக்கே தெரியாத வழக்கத்தை நாங்கள் கட்டிக்காத்து வருகிறோம்! உடனே பிள்ளைகளிடம் சொன்னேன். ஆசிரியைகளிடம் சொன்னேன். “அவ்வோ மெட்ராஸ்ல இருக்காவ, அவ்வோளுக்கு என்ன?” என்றாள் இசக்கியம்மாள். ஆசிரியைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தியாவது உள்ளே போயிருக்க வேண்டாமா? படித்த பெண்கள்!

எனக்கு அப்போது முட்டைக் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

நவம்பர் 5

மழை. அந்தப்புரம் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. வாளி இரண்டுதான் இருக்கிறது.

நவம்பர் 12

வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு வருகிறார்களாம். மண்டபத்தில் மேசை போட வேண்டும். பிள்ளைகள் வாசல்படி வரை தூக்கி வந்து வைப்பார்கள். அங்கிருந்து ஞானதுரையும் வாச்மேனும் இழுத்துப் போடுவார்கள். நான் படியில் நின்று கத்தினேன்.

“இடப்பக்கம் தள்ளுங்க!”

தள்ளினார்கள்.

“உங்க இடப்பக்கம் இல்ல, என் இடப்பக்கம்!”

மதியத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. வரிசை கோணல்தான். ஞானதுரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், நீங்க இப்படி வந்து நின்னு பாத்தா சுளுவா இருக்கும்லா?” என்றார். தூரத்திலிருந்து பார்த்தால்தான் வரிசை தெரியும் என்றேன். அது உண்மைதானே.

நவம்பர் 14, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள் இருப்பாள். பருத்திப் புடவை, தோளில் பை. தலைவாசலுக்கு வந்தாள், பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். ஆசிரியைகள் எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். அந்த அம்மாளுக்கு அது தெரியவும் இல்லை. மேசைகளைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், நேரே எதிர்ச்சுவருக்குப் போனாள். பித்தளைக் குமிழைப் பிடித்து இழுத்தாள். மறுபடி இழுத்தாள். கதவை விரல் முட்டியால் தட்டினாள்.

“மேடம், இங்க வாங்க.”

அதிகாரி கூப்பிட்டால் போக வேண்டும். போனேன். எத்தனை அடி நடந்தேன் என்று தெரியாது. காலுக்குக் கீழே தரை சில்லென்று இருந்தது.

அது கதவே இல்லை. சுவரில் சுண்ணாம்புச் சாந்து பூசி, மரத்தின் ரேகை முதற்கொண்டு வரைந்து, நிஜக் குமிழ் இரண்டைப் பதித்திருக்கிறார்கள். கையெட்டும் தூரத்தில் நின்றால் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். கீழ்மூலையில் சாயம் பொரிந்து வெள்ளை தெரிகிறது.

“ரெண்டு வாசல்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

நான் ஞானதுரையைப் பார்த்தேன். “படம்தான் டீச்சர். நீங்க கேக்கலையே” என்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டாள். “இந்த ஸ்கூல்ல எத்தனை வருஷமா இருக்கீங்க?”

“இருபத்திரண்டு.”

“இந்த ரூமுக்குள்ள நீங்க வந்ததே இல்லையா?”

தூசி, கால் ஆணி, புடவை, முட்டைக் கணக்கு, ஒன்றும் வாயில் வரவில்லை. வாசலில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இல்லை” என்றேன்.

இரண்டாவது வழி இல்லாமல் மையம் தர முடியாதாம். மாதக் கடைசிக்குள் வழி செய்து படம் எடுத்து அனுப்பினால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நவம்பர் 15

அவமானம். எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். என் மேல்தான் விழ வேண்டியது.

நவம்பர் 17

திங்கட்கிழமை. காலை பிரேயர் முடிந்ததும் மண்டபத்துக்குப் போய் உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகைப் பதிவு பார்த்தேன். ஒரு மணி நேரம். ஆசிரியைகள் வாசலைக் கடக்கிற சாக்கில் வந்து வந்து பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. கணக்கு டீச்சருக்கு அடிக்கக் கூடாதா என்ன? ஒரு கூடைப் பயம் இருக்கிறது எனக்குள். இத்தனை நாளும் அதற்குச் சோம்பல் என்று பேர் வைத்திருந்தேன்.

முப்புடாதி சாக்பீஸ் கேட்கும் சாக்கில் படி வரை வந்தாள். “என்ன டீச்சர் செய்யுது?”

“ஒண்ணும் செய்யல. உள்ள வா.”

“எங்கய்யா வையும்.” போய்விட்டாள்.

நவம்பர் 20

அந்தப் போலிக் கதவுக்குப் பின்னால் இருப்பது அந்தப்புரம்தான். அங்கே உடைத்தால் வழி கிடைக்கும். பொதுப்பணித்துறை இஞ்சினியர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். மேலே கல் உத்திரம் ஓடுகிறது, உடைக்கலாம் என்றார். சின்னராஜாவுக்குப் போன். “உடைச்சுக்கோங்க மேடம். புலித்தோல் பத்திச் சொல்லவே இல்லையே?” புலித்தோலை எலி தின்று வருஷக்கணக்காகிறது. பூச்சி அரித்துவிட்டது என்று மரியாதையாகச் சொன்னேன்.

நவம்பர் 24, திங்கள்

இன்றைக்கு உடைத்தார்கள். செங்கல் அள்ளிப்போக டிராக்டர் வேண்டுமென்று ஞானதுரை சுடலைமுத்துவைப் பிடித்து வந்திருந்தார். ஊரில் வேறு டிராக்டரே இல்லையா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

முதலில் அந்தப்புரப் பக்கம் கரும்பலகையைக் கழற்றினார்கள். பிறகு கடப்பாரை. சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே கருங்கல் நிலை. இரண்டு பக்கமும் நிலைக்கால், நடுவில் மட்டும் பின்னாளில் வைத்து அடைத்த செங்கல். கொத்தனார் கடப்பாரையை நிறுத்திவிட்டு, “இது வாசலுல்லா!” என்றார். செங்கலை எடுக்க எடுக்க கீழே கல்படி வந்தது. அதன் நடுப்பகுதி தேய்ந்து குழிந்து கிடந்தது. கொஞ்ச நஞ்சமான தேய்வு இல்லை. தலைமுறை தலைமுறையாக நடந்து தேய்த்த படி.

அந்தப்புரத்திலிருந்து தர்பாருக்கு வழி. அப்படியென்றால் அங்கிருந்து நடந்தவர்கள் யார்? பெண்கள் போய் வந்திருக்கிறார்கள். பிற்பாடு எவரோ அடைத்து, பூசி, கதவுபோல வரைந்தும் வைத்து, அதற்கு ஒரு பயத்தையும் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். யாரென்று தெரியாது, ஏனென்றும் தெரியாது. அந்த அடைப்பின் மேல் கரும்பலகையை மாட்டி இருபத்திரண்டு வருஷம் நான் கணக்குப் போட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. தூசி நிறைய இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

சுடலைமுத்து கூடையைக் கீழே வைத்துவிட்டுப் படியைக் குனிந்து பார்த்தார்.

“அப்பம் பொம்பளையாளுவ போன வழியா இது?”

“பாத்தாத் தெரியலையா?”

“அப்பம் உள்ள போறது முந்தியே உள்ள வழக்கந்தான்.” கூடையை மறுபடி எடுத்தார். “அப்பம் சரி. இந்த வழியா போயி எழுதட்டும்.”

எனக்குச் சந்தோஷப்பட வேண்டுமா, கையிலிருந்த செங்கலால் தலையில் அடித்துக்கொள்ள வேண்டுமா என்று தெரியவில்லை. இரண்டு மாதமாக நியாயம் பேசினேன், சண்டை போட்டேன், சென்னைக்குப் போன் போட்டேன். அதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. பழைய கல் ஒன்றைப் பார்த்ததும் ஏறிவிட்டது. படி புதிதாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? அந்தப் பெண் வீட்டில் உட்கார்ந்திருப்பாள்.

ஆனாலும் அவர் “எழுதட்டும்” என்றார். அதை எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 18

மையம் கிடைத்துவிட்டது. ஞானதுரை எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் காசில்!

பிப்ரவரி 25

தேர்வுப் பணி ஆணை வந்தது. சொந்தப் பள்ளி மையத்தில் அந்தப் பள்ளி ஆசிரியைகள் இருக்கக் கூடாது. விதி அது, எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஏதோ ஒரு நப்பாசை. எனக்கு ஆலடிபுரம் ஆண்கள் பள்ளியில் அறைக் கண்காணிப்பு. இங்கே வெளியூர் தலைமையாசிரியர் ஒருவர் வந்து சாவி வாங்கிக்கொள்வார். பரீட்சை நாளன்று நான் என் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வரக் கூடாது.

கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவளை வாசலில் நிறுத்துவதுபோல இருக்கிறது. யாரிடம் போய்ச் சண்டை போட?

மார்ச் 2, திங்கள்

தமிழ்ப் பரீட்சை. ஆண்கள் பள்ளி ஏழாவது அறையில் இருபது தடிப்பயல்களைக் காவல் காத்தேன். ஒருத்தன் தூங்கினான். எழுப்பினால் “எழுதி முடிச்சாச்சு” என்கிறான். வெறும் ஒரு பக்கம். எங்கள் மண்டபத்தில் இந்நேரம் என்ன நடக்கிறதோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் இசக்கியம்மாளைப் போனில் கூப்பிட்டேன். வெளியூர்க்காரர்கள் அவளைத்தான் தண்ணீர் கொடுக்கப் போட்டிருந்தார்களாம்.

“எல்லாரும் வந்தாளுவளா?”

“முப்பத்தெட்டும் வந்துட்டு டீச்சர்.”

“முப்புடாதி?”

“அவதான் மொத ஆளு. அவ அய்யாவே டிராக்டர்ல கொண்டாந்து விட்டுட்டுப் போறாவ.”

“எந்த வழியா உள்ள போனாளுவ?”

“அது யாரு பாத்தா? மணி அடிச்சதும் ரெண்டு பக்கமும் விழுந்தடிச்சு ஓடுதாளுவ. எனக்குத் தண்ணிப் பானையத் தூக்கிட்டு மண்டபத்துக்குள்ள நடந்து நடந்து காலு கடுத்துப் போச்சு. இந்தா, அவ பேசணுமாம்.”

முப்புடாதி போனை வாங்கினாள். பரீட்சை எப்படி என்று நான் கேட்கக்கூட விடவில்லை.

“டீச்சர், அந்த மண்டபம் சரியில்ல. மேல புறா இருக்கு. எம்பேப்பருக்குப் பக்கத்துலயே எச்சம் போட்டுட்டு. அடுத்த பரிச்சைக்கு எங்களுக்கு வேற ரூம் குடுக்கச் சொல்லுங்க.”

ஆலடிபுரம் பஸ் நிலையத்தில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாள் தள்ளிப் போய் நின்றாள். தர்பார் மண்டபம் சரியில்லையாம் இவளுக்கு!

“புறா இருந்தா நகர்ந்து உக்காரு. போய் இங்கிலீஷ் படி” என்று திட்டிவிட்டு போனை வைத்தேன்.

நாளைக்கு ஞானதுரையிடம் சொல்லி வலை கட்ட வேண்டும். எழுதிப் போடச் சொல்லக் கூடாது, கட்டச் சொல்ல வேண்டும்.